கவிழ்த்து வைக்காத போத்தல்

பந்தலில் இரண்டு காம்புகள் மட்டும் தொங்கின. கத்தி பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது. முந்தின நாள் மாலை வரை அந்தக் காம்புகளில் என் கை நீளத்துக்கு இரண்டு புடலங்காய்கள் இருந்தன. காய் நேராக வளர வேண்டும் என்று நுனியில் நான் கட்டிவிட்ட கற்கள் இரண்டும் பந்தல் காலடியில் கிடந்தன. கட்டிய நூலை யாரோ அழகாகச் சுருட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நூலைக்கூடச் சுருட்டி வைக்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

பிரஷர் மருந்துக்காக விடிகாலையிலேயே கிளினிக்குக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு, பத்து மணி தாண்டி அப்போதுதான் திரும்பியிருந்தேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"என்னாங்க, புடலங்காய யாரு வெட்டுனது?"

எங்கள் வீட்டுக்காரர் உள்ளே ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தான். நஸ்ரினா மகளப் பாக்க உக்குவெலைக்குப் போறேன்னு வேலிகிட்ட நின்னு சொல்லிச்சு. காய் ரெண்டும் நல்லா நீண்டிருந்துச்சு. வெட்டிக் குடுத்துட்டேன். பிள்ள பெத்த வீட்டுக்குத்தானே வளத்த?"

ஆமாம். பக்கத்து வீட்டு நஸ்ரினாவின் மகள் பிள்ளை பெற்ற வீட்டுக்குத்தான் வளர்த்தேன். ஆனால் முந்தின நாள் மாலை, அவர் முடி வெட்ட டவுனுக்குப் போயிருந்த நேரத்தில், அந்தக் கொடி முழுவதும் பூச்சி மருந்து அடித்திருந்தேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்தான்.

 

ஒரு வாசகியின் கேள்வி

ரம்புட்டான் மரத்துக்கு வலை கட்டப் போய் நானே வலைக்குள் மாட்டிய கூத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இத்தனை பூச்சி, இத்தனை குரங்கு. நீங்கள் உண்மையிலேயே மருந்து அடித்ததே இல்லையா, அம்மா?"

 இத்தனை வாரமாக மாட்டெரு, சாம்பல், வேப்பெண்ணெய் என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருப்பவள் நான். ஒரு தடவை அடித்தேன். ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லாமல் இந்தத் தொடரை ஓட்டுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எங்கள் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில், பெரிய ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற ஒரு சின்ன ரோட்டில் இருக்கிறது. வளவு பெரிதில்லை. ஒரு ரம்புட்டான், ஓர் அவகாடோ, இரண்டு கொய்யா, கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கை. நடுவில் ஒரு பந்தல். பந்தலில் பருவத்துக்குத் தக்கபடி பாகல், பீர்க்கு, புடல். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். பீர்க்குக் கொடிக்கும் பாகல் கொடிக்கும் வித்தியாசம் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நஸ்ரினா. என்னைவிட எட்டு வயது இளையவள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பழக்கம். அவள் பேச்சில் 'சொல்லு' என்பது 'செல்லு' ஆகும், 'இருக்கு' என்பது 'ஈக்கு' ஆகும். வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அதை யார் உண்டாக்கினார்கள் என்று தெரியாது. இரண்டு வீட்டாரும் அடைக்கவில்லை. பெருநாள் வட்டிலப்பம் அந்த வழியாக இங்கே வரும், பொங்கல் அங்கே போகும்.

பெருமை காய்த்த வருஷம்

உரம் இல்லை, காஸ் இல்லை, பெட்ரோல் இல்லை என்று ஊரே வரிசையில் நின்றதே, அந்த வருஷம் எங்கள் ரோட்டில் எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். பூச்சாடியில் கூடக் கத்தரி நட்டார்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் வரவில்லை. என் வளவில் மட்டும் காய்த்துக் கொட்டியது. நான் அதற்கு முன்பே பல வருஷமாக மாட்டெருவும் இலைக்குப்பையும் போட்டு மண்ணைத் தேற்றி வைத்திருந்தேன், அவ்வளவுதான் காரியம். ஆனால் அதை நான் அப்படிச் சொல்லவில்லை. "மருந்தடிக்காத மண்ணு, அதான்" என்று வாய் கிழியச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம்தான் ஒரு வழக்கமும் பிறந்தது. எங்கள் ரோட்டில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், தாய்க்கு நாற்பது நாளும் கறிக்கான காய் என் வளவிலிருந்துதான் போகும். கட்டிக் கொடுத்த மகள் வேறு ஊரில் பிள்ளை பெற்றாலும் அப்படித்தான். யாரும் கேட்க வேண்டியதில்லை. பையில் போட்டு அந்த வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வருவேன். சரோஜா வீட்டுக் காய் என்றால் கழுவாமல்கூடக் கடிக்கலாம் என்று நஸ்ரினா ஒரு தடவை கிளினிக் வரிசையில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள். அன்றைக்கு என் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

என் அண்ணன் கலேவெலப் பக்கம் கத்தரியும் மிளகாயும் பெரிய அளவில் செய்கிறார். லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். வீட்டுக்குப் பின்னால் தனியாக மூன்று வரிசை கத்தரி வைத்திருப்பார். அதற்கு மருந்து கிடையாது. வீட்டில் அதைத்தான் சமைப்பார்கள்.

"விக்கிறதுக்கு ஒரு பாத்தி, திங்கிறதுக்கு ஒரு பாத்தியா? நல்லாருக்கு ஒங்க ஞாயம்" என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

அண்ணன் கோபப்படவில்லை. "ஒனக்கு ஒரு பந்தல். எனக்கு ரெண்டு ஏக்கர். ஒரு நாளைக்கு ஒனக்கும் வரும் பாரு" என்றார்.

வந்தது.

குரங்குக்குத் தெரிந்த ரகசியம்

புடலங்காய்க்குப் பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சிலேயே ஊசி குத்துகிற மாதிரிக் குத்தி முட்டை வைத்துவிட்டுப் போகும். காய் உள்ளே புழுத்து மஞ்சளாகி விழும். நான் பூ உதிர்ந்த அன்றைக்கே பிஞ்சைக் கடதாசிக் கூட்டுக்குள் விட்டுக் கட்டிவிடுவேன். பழைய பேப்பரும் கோதுமைப் பசையும் போதும். பல வருஷமாக ஈயை அப்படித்தான் ஏமாற்றி வந்தேன்.

நான் மருந்தடித்த வருஷம் குரங்குகள் ஒரு பாடம் படித்துக்கொண்டன. கடதாசி இருந்தால் உள்ளே காய் இருக்கும் என்று. மலைப்பக்கமிருந்து கூட்டமாக இறங்கி வந்து, ஒவ்வொரு கூடாகக் கிழித்து, ஒரு கடி கடித்து, பிடிக்காமல் எறிந்துவிட்டுப் போயின. தின்றாலாவது மனசு ஆறும். கிழித்த கூட்டுக்குள் மிஞ்சிய பிஞ்சுகளை ஈ பார்த்துக்கொண்டது.

அதே நேரத்தில்தான் நஸ்ரினாவின் மகளுக்கு உக்குவெலையில் குழந்தை பிறந்தது. முதல் பேரன். நஸ்ரினா வேலி இடைவெளியில் நுழைந்து ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "நாப்பதுக்கும் ஒங்கட காய்தான் சரோக்கா" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். பந்தலில் அப்போது உருப்படியாக இரண்டு நடுத்தரக் காய்களும் ஐந்தாறு பிஞ்சுகளும்தான் இருந்தன. பிஞ்சுகளைச் சுற்றி ஈ.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. மறுநாள் பஸ்ஸில் ஒரு சின்னப் போத்தல் வந்தது. பின்னாலேயே அவர் குரலும் வந்தது.

"கேட்டுக்க சரோ. அடிச்ச நாள்லேருந்து பதினாலு நாளைக்கு அந்தக் கொடியில ஒரு காய் வாய்க்குப் போகக்கூடாது. கழுவுனாப் போயிரும்னு நெனச்சிராத. இது கொடிக்குள்ள ஏறுற சாமான். அடிச்ச ஒடனே போத்தலக் கவுத்து வெச்சிரு."

போத்தலைக் கவிழ்த்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மருந்து அடித்த பாத்தியின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, காலிப் போத்தலை அதன் தலையில் கவிழ்த்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், தமிழ், சிங்களம் எது பேசுகிறவருக்கும் அது ஒன்றுதான்: தொடாதே. நாள் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

நான் கணக்குப் போட்டேன். குழந்தைக்குப் பத்து நாள். பதினாலு போனால் இருபத்து நாலு. நாற்பதுக்குள் இன்னும் பதினாறு நாள் மிச்சம். அந்த இரண்டு பெரிய காய்களும் முற்றி வீணாகும், போகட்டும். பிஞ்சுகள் பிழைத்தால் போதும்.

முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அடித்தேன். அடித்து முடித்ததும் போத்தலைக் கவிழ்க்கக் குச்சியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். கையில் குச்சியும் போத்தலுமாக நின்றபோது ரோட்டில் யாரோ பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. எங்கள் வேலி உயரமில்லை. பந்தல் ரோட்டிலிருந்து நன்றாகத் தெரியும். சரோஜா வளவில் போத்தல் கவிழ்ந்திருக்கிறது என்றால் அரை மணி நேரத்தில் ரோடு முழுக்கத் தெரியும்.

போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றி அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன். மறுநாள் காலையில் அவரிடம் மட்டும் ஏதாவது சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். காலையில் கிளினிக் அவசரம். அதுவும் நல்லதாகப் போயிற்று என்றுதான் அப்போது தோன்றியது. இந்த மாதிரிப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"கசக்கும்"

இப்போது மறுபடி அந்தக் காம்புகளுக்கு வருகிறேன்.

வேலி இடைவெளியால் நுழைந்து ஓடினேன். நஸ்ரினா வீட்டுக் கதவில் பூட்டு. ஒன்பது மணி பஸ்ஸிலேயே போய்விட்டாள் என்றார் வீட்டுக்காரர். இப்போது பத்தரை. பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் வீட்டில் பதினொரு மணிக்கெல்லாம் சோறு கொடுத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். நானே அந்தப் பெண் பிறந்தபோது நஸ்ரினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியிருக்கிறேன்.

போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே நஸ்ரினா எடுத்தாள். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம். யாரோ பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செல்லுங்க சரோக்கா. பேரன் ஒங்களத்தான் தேடுறார்."

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. நேற்று மருந்து அடித்தேன், சமைக்காதே. அந்த நாலு வார்த்தை என் வாயில் வரவில்லை. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. அந்தப் பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது, கிளினிக் வரிசையில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது, நான் வேறொன்றைச் சொன்னேன்.

"நஸ்ரினா, அந்தப் புடலங்கா கசக்கும் போல இருக்கு. ஆக்காதீங்க."



"கசக்குமா?"

"ஆமா. வெயிலுக்கு... சில நேரம் அப்புடித்தான்."

"ஒங்கட காயா?"

"ஆமாம்மா."

"சரி சரி, நான் பாத்துக்கொள்றேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? கசக்கிற காயை எங்கள் ஊரில் யார் எறிகிறார்கள்? உப்பைப் போட்டுப் பிசறி, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, தேங்காய்ப்பாலில் போட்டால் கசப்பு போய்விடும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மறுபடி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நாலாவது தடவையும் அவள் எடுக்கவில்லை.

"என்ன சரோ, கசந்தாக் கசக்கட்டுமே. அதுக்கு ஏன் இப்புடி?" என்றார் வீட்டுக்காரர்.

"செருப்பப் போடுங்க. உக்குவெலைக்குப் போகணும்."

அவர் சுவரில் மணியைப் பார்த்தார். "பத்து நாப்பது பஸ்ஸு..."

"பஸ்ஸ விடுங்க" என்று கத்திவிட்டேன்.

டவுனைத் தாண்ட முடியவில்லை

ரோட்டு முனையில் நின்ற த்ரீவீலரில் ஏறினோம். "ஹய்யென் யன்ன மல்லி" என்று டிரைவர் பையனிடம் வேகமாகப் போகச் சொன்னேன். அவன் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டான். இல்லை என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் முடியாமல் இருக்க வேண்டுமே என்று மாரியம்மனைக் கும்பிட்டேன்.

மாத்தளை டவுனில் குழாய் போட ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும்தான் வாகனம் விட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு மரக்கறி லொறி. மூட்டை மூட்டையாகக் கத்தரி, மிளகாய். ஊரெல்லாம் அதைத்தானே தின்கிறது, ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நினைப்பு வந்து ஆறுதல் சொன்னது. பத்து நாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் என்று இன்னொரு நினைப்பு வந்து அதைத் தள்ளியது. மணி பத்து ஐம்பது.

வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நேத்து சாயங்காலம் அந்தக் கொடிக்கு மருந்தடிச்சேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "எந்த மருந்து?"

"அண்ணன் அனுப்புனது."

"பார்சல்ல வந்ததா? மிளகாக் கன்னுன்னு சொன்னியே?"

அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். அந்தக் கைதான் வெட்டியது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். பிறகு காற்சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சா ரோட்டுக்கே தெரியும்."

"தெரிஞ்சிருக்கணும்ல" என்றார் அவர். சத்தம் போடாமல்தான் சொன்னார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் என்னை அந்த மனிதர் சொன்ன ஒரே கடுஞ்சொல் அதுதான். அதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

லொறி நகர்ந்தது. பையன் நடைபாதை ஓரமாக ஏற்றி வளைத்து வெளியே எடுத்தான். உக்குவெலைச் சந்தி வரும்போது பதினொன்று பத்து.

கல் வைத்த இடம்

நஸ்ரினாவின் மகள் வீடு ரோட்டிலிருந்து நாலு படி உயரத்தில் இருந்தது. வாசலில் ஏழெட்டுச் சோடிச் செருப்பு. முன் அறையில் சம்பந்தி அம்மாவும் பிள்ளை பார்க்க வந்த மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். சோறும் தேங்காய்ப்பாலும் மணந்தது. நஸ்ரினா உள் அறை வாசலில் கையில் தட்டோடு நின்றாள்.

யாருக்கும் ஸலாமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்.

"அந்தப் புடலங்காய் கசக்காது நஸ்ரினா. நான் பொய் சொன்னேன். நேத்து அந்தக் கொடிக்கு மருந்தடிச்சேன். யாருக்கும் சொல்லல. அவரு தெரியாம வெட்டிக் குடுத்துட்டாரு. மகள் சாப்பிட்டுட்டாளா?"

சம்பந்தி அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மருந்தடிக்காத சரோஜாவைப் பற்றி நஸ்ரினா அங்கேயும் நிறையச் சொல்லியிருப்பாள்.

நஸ்ரினா தட்டை மேசையில் வைத்தாள். அதில் சோறும், முருங்கை இலைச் சுண்டலும், ஒரு துண்டு மீனும் இருந்தன. புடலங்காய் இல்லை.

"வாங்க" என்று என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

குசினிக்குப் பின்னால் கோழிக் கூடு. அதற்கு அப்பால் புதிதாகக் கிளறிய மண். மண்ணின் மேல் தூக்க முடியாத ஒரு பெரிய கல்.

"அங்க புதைச்சீக்கி. கோழி கிளறும்னு கல்ல வெச்சேன்."

கோழிக் கூட்டைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்களுக்கு எப்புடி..."

"இருபத்தஞ்சு வருஷமா ஒங்களப் பாக்குறேன் சரோக்கா. பூச்சி அரிச்ச கத்தரிக்காயக்கூட 'இதுதான் ருசி'னு தருவீங்க. ஒங்கட வாயால ஒங்கட காயக் கொறை சென்ன நாளே இல்ல. கசக்கும்னு சென்ன நேரமே வெளங்கிட்டு, இதுல என்னமோ ஈக்குன்னு."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் தற்பெருமை என்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. அதே தற்பெருமைதான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியும் இருந்தது. நிம்மதியில் அழ ஆரம்பித்தவளுக்கு அடுத்த நிமிஷம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் சுபாவம் அப்படி.

"அப்ப ஏன் போன எடுக்கல? நாலு தடவ அடிச்சேனே. இந்த முக்கால் மணி நேரம் என் உசுரு போயி வந்துச்சே."

"என்ட மகளுக்கும் ஒரு உசுருதான்" என்றாள் நஸ்ரினா.

கல்லைப் பார்த்தபடி அவளே தொடர்ந்தாள்.

"போன எடுத்திருந்தா இன்னொரு பொய் சென்னிருப்பீங்க. நீங்க வந்து செல்றீங்களான்னு பாத்துக்கொண்டு ஈந்தேன்."

"வராம இருந்திருந்தா?"

"வேலிய அடச்சிருப்பேன்."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் வருகிற வார்த்தை அது. குழந்தையையும் நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

பதினைந்தாம் நாள்

வீட்டுக்கு வந்ததும் அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்தேன். பந்தலுக்கு முன்னால், ரோட்டில் போகிறவர்களுக்கு நேரே தெரிகிற இடத்தில், குச்சியை நட்டுக் கவிழ்த்தேன். வீட்டுக்காரர் வந்து குச்சி ஆடுகிறதா என்று பார்த்து, காலடியில் இரண்டு கல்லை வைத்து இறுக்கினார்.

நான் நினைத்த மாதிரி அரை மணி நேரம் ஆகவில்லை. கால் மணி நேரத்திலேயே எதிர்வீட்டுச் சிங்கள நோனா வேலியருகே வந்து நின்றார். போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு கீரை கேட்டு ஒருவரும் வரவில்லை. கீரைப் பாத்தி பந்தலுக்கு எதிர்க்கோடியில் இருந்தது, அதில் ஒரு துளியும் படவில்லை. அதைப் போய் யாரிடம் சொல்வது? இனி நான் சொல்வதை நம்பித்தானே அவர்கள் சாப்பிட வேண்டும்.

நஸ்ரினா உக்குவெலையிலிருந்து மூன்றாம் நாள் வந்தாள். வேலி இடைவெளி அப்படியே இருந்தது. அவள் அந்த வழியாக வரவில்லை. நானும் போகவில்லை. காலையில் துணி காயப்போடும்போது பார்த்துக்கொள்வோம். "எப்புடி சொகம்?" என்பாள். "இருக்கேன்" என்பேன். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே போனது. பிஞ்சுகள் மட்டும் ஒரு குத்தும் இல்லாமல் பளபளவென்று நீண்டன. அவற்றைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. போத்தலை எடுத்துவிட்டு நல்லதாக மூன்று காயை வெட்டினேன். பையில் போட்டு நஸ்ரினாவின் கேட்டில் மாட்டிவிட்டு வந்து, குசினிச் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். வீட்டுக்காரரும் பின்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் திருடர்கள் போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மணிக்கு அவள் கேட்டுக்கு வந்தாள். பையைத் திறந்து பார்த்தாள். திரும்பி எங்கள் பந்தலைப் பார்த்தாள். குச்சி மட்டும் நின்றது. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எடுத்துட்டா" என்றார் அவர்.

"ஆக்குவாளா, புதைப்பாளா?" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு வேலி இடைவெளியில் சத்தம் கேட்டது. நஸ்ரினா ஒரு மூடிய கிண்ணத்தோடு நுழைந்து நேரே எங்கள் குசினிக்கு வந்தாள். கிண்ணத்தைத் திறந்தாள். புடலங்காய்ப் பால்கறி. வெள்ளிக்கிழமை நான் மீன், மச்சம் தொடமாட்டேன் என்பதால் மாசிக் கருவாடு போடாமல் ஆக்கியிருந்தாள். கேட்காமலே இரண்டு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். கறியை என் தட்டில் மட்டும் ஊற்றினாள்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

"நீங்க?"

"நீங்க முதல்ல."

பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன். இன்னொரு வாய். அது முடிகிற வரைக்கும் பார்த்தாள். பிறகுதான் தன் தட்டுக்குக் கறியை ஊற்றிக்கொண்டாள்.

மிச்சமிருந்த ஒரு காயை அன்றைக்குப் பின்னேர பஸ்ஸில் மகளுக்குக் கொண்டுபோனாள். பஸ் நேரத்தை வீட்டுக்காரர்தான் சொன்னார்.

அந்தக் குழந்தை இப்போது வளவில் ஓடி கொய்யாக்காய் பறிக்கிறான். வேலி இடைவெளியும் அப்படியே இருக்கிறது. நான் அதற்குப் பிறகு மருந்து அடித்ததில்லை. ஆனாலும் என் பந்தலிலிருந்து எது அந்த வீட்டுக்குப் போனாலும், மத்தியானம் அது கறியாகி ஒரு கிண்ணத்தில் திரும்பி வரும். நஸ்ரினா எதிரில் உட்காருவாள். முதல் வாய் நான்தான் சாப்பிட வேண்டும். நான் விழுங்குகிற வரைக்கும் அவள் சோற்றில் கை வைக்கமாட்டாள்.